திவே காட் ஏற்றத்தில் கடைசி வண்டி

நான் புனேக்குப் போனது சைக்கிள் பந்தயம் பார்க்க. என் தம்பி மனைவி நித்யா என்னை வரச்சொன்னது, தம்பி சைக்கிள் ஓட்டாமல் பார்த்துக்கொள்ள. இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்றுதான் கோயம்புத்தூரில் பெட்டி கட்டும்போது நினைத்தேன்.

தம்பி செந்திலுக்கு நாற்பத்து மூன்று வயது. ஔந்தில் வீடு, ஹடப்சரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. ஊரின் ஒரு மூலையில் குடியிருந்து எதிர்மூலையில் வேலை பார்ப்பது புனேக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹடப்சரையும் தாண்டிப் போய், சாஸ்வட் சாலையில் இருக்கும் திவே காட் என்ற மலையேற்றத்தில் சைக்கிளில் ஏறி இறங்குவான். போன மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவனுக்கு டெங்கு வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. சோதித்துப் பார்த்த டாக்டர், இதயத் தசையில் வீக்கம் இருக்கிறது, மருந்தில் சரியாகிவிடும், ஆனால் ஏப்ரல் வரைக்கும் மூச்சு இரைக்கிற எதையும் செய்யக்கூடாது, சைக்கிளில் மலையேறுவதை நினைத்தே பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

நான் போனது ஜனவரியில். வெளிநாட்டு அணிகள் கலந்துகொள்ளும் பல நாள் சைக்கிள் பந்தயம் புனேயைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. கடைசி இரண்டு நாளும் பாதை திவே காட் வழியாகத்தான். அதில் கடைசி நாள் காலையில், பந்தயக்காரர்களுக்கு முன்னால், அதே சாலையில் பொதுமக்களும் ஓட்டலாம் என்று ஓர் ஏற்பாடு. செந்தில் காய்ச்சலுக்கு முன்பே அதற்குப் பெயர் கொடுத்திருந்தான். கொடுத்த பெயரைத் திரும்ப வாங்க மாட்டேன் என்கிறான் என்று நித்யா போனில் அழாத குறை. "அவர் உங்க பேச்சைத்தான் கேப்பாரு அண்ணி," என்றாள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பல நாள் பந்தயம் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தினமும் ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊர்வரை ஓட்டுவார்கள். எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தவர். ஒரு நாள் ஓட்டத்தில் முதலில் வருவது பெரிதில்லை. இன்றைக்குக் களைத்த கால் நாளைக் காலைக்குள் தேறுகிறதா என்பதுதான் விஷயம். நடுவில் ஒரு நாள் விட்டுவிட்டால் மறுநாள் சேர்ந்துகொள்ள முடியாது. அதனால் பந்தயத்துக்குப் பின்னால் கடைசி வண்டி என்று ஒன்று வரும். இனி முடியாது என்கிறவர்கள் அதில் ஏறிக்கொள்வார்கள். முதுகில் குத்தியிருக்கும் எண்ணை அதிகாரி கழற்றிக்கொள்வார்.

பிரான்ஸில் ஜூலை மாதம் நடக்கும் மூன்று வாரப் பந்தயத்தைப் பத்து வருடமாக நான் கோயம்புத்தூரிலும் செந்தில் புனேயிலுமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போனில் சண்டை போடுகிறோம். அவன் தேறல் கட்சி. தூக்கம், சாப்பாடு, கால் பிடித்துவிடுவது, உடம்பு முடியாது என்றால் விட்டுவிடுவது. நான் வைராக்கியக் கட்சி. விழுந்து முழங்கை தோலுரிந்தும் எழுந்து ஓட்டியவர்கள் பக்கம். நூல் மில்லில் தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். நூலை இழுத்து, எவ்வளவு பலத்தில் அறுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. மனிதர்களையும் அப்படியே பார்க்கிற கெட்ட பழக்கம் உனக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டது என்பார் என் வீட்டுக்காரர்.

புனேயில் முதல் காரியமாக வழி தவறினேன். ஔந்தில் அடுத்தடுத்த தெருக்களில் ஒரே பெயரில் இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. ஆட்டோக்காரர் முதலில் கண்ணில் பட்டதில் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார். நானும் லிஃப்டில் ஏறி, நாலாம் மாடியில் செந்தில் வீட்டு எண்ணைப் பார்த்து மணியடித்தேன். கதவைத் திறந்தது ஒரு மராத்தி அம்மாள். நான் யாரென்று கேட்பதற்கு முன்பே உள்ளே அழைத்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஓர் எள்ளுருண்டையையும் கையில் வைத்தார். சங்கராந்தி முடிந்து சில நாள்வரை வருகிறவர்களுக்கெல்லாம் எள்ளும் வெல்லமும் கொடுத்து, இனிக்க இனிக்கப் பேசுங்கள் என்று சொல்வது இங்கே வழக்கம். தம்பி வீட்டில் மராத்திப் பெண்மணி எதற்கு இருக்கிறார் என்று யோசித்துக்கொண்டே பாதி உருண்டையைத் தின்றுவிட்டேன். டியூஷனில் படித்த இந்தி கைகொடுத்ததால் ஐந்து நிமிடத்தில் விஷயம் விளங்கியது. அந்த அம்மாள் தன் வீட்டுக்காரரை அனுப்பி என்னைச் சரியான வாசலில் சேர்த்தார். கோயம்புத்தூரில் நாமும் தண்ணீர் கொடுப்போம். ஆனால் யாரென்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்போம்.

செந்திலைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. சட்டைக் காலருக்குள் கழுத்து சுழன்றது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவன் கையில் கட்டியிருக்கும் கடிகாரம் தினமும் காலையில் உடம்பு எவ்வளவு தேறியிருக்கிறது என்று ஓர் எண் காட்டுமாம். அது கூடினால் சிரிக்கிறான், குறைந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான் என்றாள் நித்யா. அவள் சென்னைப் பெண், புனேக்கு வந்து பதினாறு வருடம். மகள் வெளியூரில் படிக்கப் போய்விட்டதால் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அவன் படியேறினால் இவள் படிகளை எண்ணுகிறாள், இவள் எண்ணுவது தெரிந்து அவன் வேகமாக ஏறுகிறான். கேட்கவே அலுப்பாக இருந்தது.

சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து நான் பொறுமையாகப் பேசினேன். என் சுபாவத்துக்கு அது பெரிய காரியம். அடுத்த வருடமும் பந்தயம் நடக்கும், மலையும் அங்கேதான் இருக்கும் என்றேன். "நான் பழையபடி ஆயிட்டனா இல்லையான்னு தெரியாம இருக்கறதுதான்க்கா பாடா இருக்குது," என்றான். பிறகு, வேண்டாமென்றுதான் தனக்கும் தோன்றுகிறது, நாளைக்கு ரெண்டு பேரும் போய் ஒழுங்காகப் பந்தயத்தை வேடிக்கை பார்க்கலாம் என்றும் சொன்னான். நித்யா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றைக்குச் சாப்பாட்டில் சூடான பாக்ரி என்கிற சோள ரொட்டியும், கடலைமாவைக் கரைத்துக் கிண்டிய பிட்லாவும், பச்சைமிளகாய்த் துவையலும் இருந்தன. அவள் எனக்கு நாலாவது பாக்ரியையும் போட்டாள்.

மறுநாள் திவே காட்டுக்குக் கிளம்பினோம். பந்தயத்துக்காகச் சாலைகளை அடைத்திருந்ததால் ஹடப்சர் தாண்டியதும் போலீஸ்காரர் காரைத் திருப்பிவிட்டார். காரை ஓரங்கட்டிவிட்டு, கிராமத்து வழியாகச் சுற்றிப் போகும், ஆறு பேர் உட்காரும் ஷேர் ஆட்டோ ஒன்றில் பதினோரு பேரோடு போனோம். என் மடியில் யாரோ ஒருவருடைய முட்டைக்கோஸ் பை. எதிரே ஒருவர், வெளிநாட்டுக்காரன் சைக்கிள் ஓட்ட நாம் ஏன் சுற்றிப் போக வேண்டும் என்று மராத்தியில் புலம்பிக்கொண்டு வந்தார். செந்தில் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு அவரிடம் மன்னிப்பும் கேட்டான், ஏதோ பந்தயத்தை இவனே நடத்துகிற மாதிரி.

வழியில் ஒரு சின்ன ஓட்டலில் மிசல் சாப்பிட்டோம். முளைகட்டிய பயறுக் குழம்பில் மிக்சரைக் கொட்டி, பன்னோடு தருகிறார்கள். மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெயைப் பார்த்து பயந்தேன். ஆனால் காரம் நாக்கில் ஏறினபிறகு நிறுத்த மனம் வரவில்லை. செந்தில் தனக்கு எண்ணெய் இல்லாமல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பையன் திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

திவே காட்டில் வளைவுக்கு வளைவு கூட்டம். பள்ளிப் பிள்ளைகள் கொடியோடு நின்றார்கள். கீழே பள்ளத்தில் மஸ்தானி ஏரி பச்சையாகத் தெரிந்தது. நாங்கள் நின்ற வளைவில் ஒருவர் மடக்கு நாற்காலி, ஃப்ளாஸ்க், ஒரு பை நிறையக் கொய்யாக்காய் என்று முழு ஏற்பாட்டோடு உட்கார்ந்திருந்தார். பெயர் தேஷ்பாண்டே. சிஞ்ச்வட்டில் சின்னதாக ஒரு பட்டறை, கார்களுக்கு உதிரி பாகம் செய்கிறார். அவரும் பல வருடமாக ஜூலை மாதப் பந்தயம் பார்க்கிறவர். அரை மணியில் எங்களுக்குள் வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. ஓய்வு நாளில் பந்தயக்காரன் படுத்துக்கிடக்க வேண்டுமா, இரண்டு மணிநேரமாவது ஓட்ட வேண்டுமா என்பதில் தொடங்கி, குளிர்ந்த தண்ணீரில் கால் வைப்பது நல்லதா, சொந்த மெத்தையைச் சுமந்துகொண்டு ஓட்டல் ஓட்டலாகப் போவது அவசியமா என்றெல்லாம் போனது. பக்கத்தில் நின்றவர்களும் கூடிவிட்டார்கள். தன் பட்டறையில் இயந்திரங்களுக்கே வாரம் ஒருநாள் விடுமுறை என்றார் தேஷ்பாண்டே. நான் இந்தியும் ஆங்கிலமுமாக ஈடுகொடுத்தேன். எனக்கு அப்படியொரு சந்தோஷம். பத்து வருடமாகப் போனில் கத்தினதை முதல் தடவையாக நாலு பேர் நேரில் நின்று கேட்கிறார்கள்.

பந்தயக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். காலையிலிருந்து காத்திருந்ததற்கு ஒரு நிமிடம்கூட இல்லை. சங்கிலிகளின் சத்தமும் மூச்சிரைப்பும் மட்டும் காதில் நின்றன. பின்னாலேயே பின்தங்கியவர்கள் ஒன்றிரண்டாக வந்தார்கள். கடைசியாக வந்தவன் இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. வெள்ளைக்கார முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. எங்கள் எதிரில் வந்ததும் இரண்டு தடவை இருமினான், நிறுத்தினான், இறங்கிவிட்டான். கடைசி வண்டியிலிருந்து அதிகாரி வந்து முதுகுப் பக்கம் எண்ணைக் கழற்றினார். பையன் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தான். தேஷ்பாண்டே உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய கொய்யாத் துண்டை அவனிடம் நீட்டினார். அவன் அதை வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு, நன்றி சொன்னான். மூன்று நாளாகக் காய்ச்சல் என்றான். பிறகு வண்டியில் ஏறி, ஷூவைக் கழற்றிவிட்டு, காலை நீட்டித் தூங்கிப்போனான்.

"சரியான முடிவு," என்றான் செந்தில். "காய்ச்சலோட ஏறக்கூடாது."

இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். எதற்காக வந்திருக்கிறேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பத்து வருடப் பழக்கம், கூடவே சுற்றிலும் ஆட்கள். காய்ச்சலோடு ஐந்து நாள் ஓட்டி முடித்தவர்கள் இருக்கிறார்கள் என்றேன். இருமல் வந்ததும் இறங்குகிறவனை நாளைக்கு எந்த அணியும் நம்பாது என்றேன். செந்தில் மருத்துவம் பேசினான், நான் வரலாறு பேசினேன். அவன் ஒன்று சொன்னால் நான் மூன்று சொன்னேன். தேஷ்பாண்டே என் பக்கம் சாய்ந்து தலையாட்ட ஆரம்பித்துவிட்டார். கடைசியில், "காலு தரையில பட்டுச்சுன்னா அத்தோட அந்த ஆளு முடிஞ்சான்டா," என்று தமிழிலேயே சொல்லி, தேஷ்பாண்டேக்காக இந்தியிலும் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். வாதத்தில் ஜெயித்த நிறைவோடு நான் அரைக் கொய்யாக்காய் தின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவன் சைக்கிளை வரவேற்பறைக்குக் கொண்டுவந்து, செய்தித்தாளை விரித்து, சங்கிலியைத் துடைக்க ஆரம்பித்தான். என்னடா என்றேன். "நாளைக்குப் போறேன்க்கா. நீ சொன்னதுல நியாயம் இருக்குது. மூணு மாசமா ஒடம்பு சொல்றதயே கேட்டுட்டு இருக்கறேன். அது எப்பவுமே வேண்டாம்னுதான் சொல்லும்," என்றான். குரலில் கோபமெல்லாம் இல்லை. முடிவெடுத்துவிட்ட நிம்மதிதான் இருந்தது.

அது வெறும் பந்தயப் பேச்சு, அந்தப் பையனைப் பற்றிய பேச்சு, உன்னைப் பற்றி இல்லை என்று என்னென்னவோ சொன்னேன். இரண்டும் ஒன்றுதானே என்றான். நித்யா சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். "உங்கள எதுக்கு அண்ணி வரச் சொன்னேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அன்றைக்கு அவள் என்ன சமைத்தாள் என்பது நினைவில்லை. சாப்பாட்டை மறக்கிற ஆள் இல்லை நான்.

அன்றைக்குச் சாயங்காலமே செந்தில் தன் எண்ணை வாங்கப் போனபோது நானும் கூடவே போனேன். உடல்நலம் பற்றிய படிவத்தில் எந்தக் குறையும் இல்லை என்று அவன் குறி போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பொதுமக்கள் ஓட்டத்துக்கு உதவி செய்வது அவனுடைய சைக்கிள் குழுதான். பொறுப்பாளராக இருந்த பெண்ணிடம் தனியே போய், கடைசி வண்டியில் ஆள் வேண்டுமா என்று கேட்டேன். முன்னால் நடக்கிற எதுவும் அதிலிருந்து தெரியாது என்பதால் அந்த வேலைக்கு யாரும் வரவில்லையாம். அவள் சந்தோஷமாக என் பெயரை எழுதிக்கொண்டாள். செந்திலை மறிக்க எனக்குத் துப்பில்லை. பின்னாலேயாவது இருக்கலாம் என்று நினைத்தேன்.

காலையில் புனேக் குளிர் காதைக் கடித்தது. நித்யா வரவில்லை. செந்தில் நூற்றுக்கணக்கான பேருக்கு நடுவில் கையசைத்துவிட்டுக் கிளம்பிப் போனான். எனக்குக் கிடைத்தது, சைக்கிள்களை அடுக்கப் ரஜாய் என்கிற பழைய பஞ்சுப் போர்வைகளை விரித்த ஒரு டெம்போ. ஓட்டுநர் பாண்டுரங், ஐம்பது வயதுக்காரர், என்னைத் தாயி என்று கூப்பிட்டார். மராத்தியில் அக்கா என்று அர்த்தம். என் கையில் ஓர் அட்டையும் பேனாவும் கொடுத்திருந்தார்கள். வண்டியில் ஏறுகிறவர்களின் எண், நேரம், ஏறியதற்குக் காரணம் எல்லாவற்றையும் எழுதி, அவர்களிடமே கையெழுத்து வாங்க வேண்டும். அவர்களாக இறங்கினால்தான் உண்டு. சாலையைத் திறந்துவிடும் நேரம் வரும்வரை யாரையும் கட்டாயப்படுத்தி ஏற்றக்கூடாது. கடைசியாகப் போகிறவரைத் தாண்டியும் வண்டி போகக்கூடாது.

பாண்டுரங் நல்ல பேச்சுக்காரர். வருடா வருடம் பண்டரிபுரத்து விட்டலன் கோயிலுக்குப் பல்லக்கோடு நடந்து போகிறவர்கள் இதே திவே காட் வழியாகத்தான் ஏறுவார்களாம். அவர் ஒரு குழுவுக்குச் சாமான் டெம்போ ஓட்டுவார். காலில் கொப்புளம் வந்தவர்கள், தலை சுற்றியவர்கள் மூட்டைகளுக்கு நடுவில் ஏறிக்கொள்வார்கள், தேறினதும் இறங்கி நடப்பார்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், விட்டலன் வருகைப்பதிவு எடுப்பதில்லை என்றார். காலையில் யார் குரல் சத்தமாகக் கேட்கிறதோ அவர்தான் முதலில் டெம்போவில் ஏறுவார் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மலைக்கு வருவதற்கு முன்பே மூன்று பேர் ஏறினார்கள். ஒருவருக்கு டயர் பஞ்சர். தோழிகள் இரண்டு பேர், இதற்குமேல் முடியாது என்று சிரித்துக்கொண்டே ஏறி, கையெழுத்துப் போட்டுவிட்டு செல்ஃபி எடுத்தார்கள். ஏற்றம் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் முன்னால் போகிற முதுகுகளில் செந்திலின் நீலச் சட்டையைத் தேடினேன். இல்லை. பாதி ஏற்றம்வரை இல்லாததால், பையன் நன்றாகத்தான் ஓட்டுகிறான் என்று ஒரு நிமிடம் எனக்குள் அந்தப் பழைய கட்சிக்காரி தலைதூக்கினாள். அடுத்த வளைவு திரும்பியதும் நீலச் சட்டை தெரிந்தது. ஓரத்தில், தனியாக, சாலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அளந்துகொண்டு ஏறிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் ஒவ்வொருவராக அவனைத் தாண்டிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் யாருமில்லை. கடைசி ஆள் அவன்தான்.

பாண்டுரங் வண்டியை முதல் கியருக்கு மாற்றினார். நடக்கிற வேகம். செந்தில் ஒருமுறை திரும்பி, வண்டியில் நான் இருப்பதைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டான். அந்த முகம் நேற்றைய பையனுடைய முகத்தைவிட மோசமாக இருந்தது. உதட்டில் நிறமே இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து இறங்கிவிட்டேன்.

சேலையும் ரப்பர் செருப்புமாக ஏற்றத்தில் ஓடி அவன் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். இரண்டு பேரும் இரைத்துக்கொண்டு, அவன் மிதிக்க நான் நடக்க, கொஞ்ச தூரம் அப்படியே போனோம்.

"எறங்குடா," என்றேன்.

"இன்னும் மூணு வளைவுதான்."

"எறங்கு சாமி."

"நீதானக்கா சொன்ன," என்றான். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு எடுத்தான். "காலு தரையில பட்டா... முடிஞ்சான்னு."

"சொன்னேன். பத்து வருசமா சோபாவுல உக்காந்து பஜ்ஜி தின்னுட்டுச் சொல்லிட்டிருக்கறேன். இந்த ஏத்தத்துல நூறடி ஓடறதுக்குள்ள என்ற உசுரு போகுது. எனக்கு ஒண்ணும் தெரியாதுடா. ஆளுங்க கூடுனாங்கன்னு பேசுனேன். நேத்து அந்தப் பையன் எறங்குனதுதான் சரி. நீ சொன்னதுதான் சரி."

அவன் இன்னும் பத்துப் பதினைந்து மிதி மிதித்தான். நான் சைக்கிளைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம், அந்த வேகத்தில் ஒரு கையால் முடியும். கை நீண்டும் விட்டது. ஆனால் பிடித்து நிறுத்தினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாக வருவான், பின்னால் எந்த வண்டியும் இருக்காது என்று தோன்றியது. கையை மடக்கிக்கொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

சைக்கிள் நின்றது. அவன் ஒரு காலை ஊன்றினான், பிறகு மற்றதையும். கைப்பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "நெஞ்சு படபடங்குதுக்கா," என்றான். இந்த மூன்று மாதத்தில் யாரிடமும் அதை அவன் சொன்னதில்லை.

எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஆம்புலன்ஸிலிருந்து ஒரு டாக்டர் பெண் இறங்கி வந்தாள். உட்காரவைத்து, விரலில் கருவியை மாட்டி, நாடியைப் பிடித்துப் பார்த்தாள். துடிப்பு தணியும்வரை பத்து நிமிடம் அவன் கையை விடவில்லை. பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை, ஆனால் நல்லவேளை நிறுத்தினீர்கள், இன்றைக்கே உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்றாள். படுத்தே ஆக வேண்டிய அவசியமில்லை என்றதால் டெம்போவிலேயே வருகிறேன் என்றான். பாண்டுரங் அவன் சைக்கிளை ரஜாயின் மேல் பதமாகக் கிடத்தினார். அவன் முதுகிலிருந்த எண்ணை நான் கழற்றினேன். நாலு ஊக்கு. ஒன்றைக் கீழே போட்டுவிட்டேன்.

அட்டையில் எண்ணையும் நேரத்தையும் எழுதிவிட்டு, காரணம் என்கிற கட்டத்தில் நிறுத்தினேன். "சங்கிலி அறுந்துருச்சுன்னு எழுதிருக்கா," என்றான். எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு செய்தவனுக்கு ஒரு பொய்யாவது நான் தரக் கூடாதா. பேனாவை வைத்ததும் அவன் அட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் வெறும் கட்டத்தைப் பார்த்தான். பிறகு, இன்னும் உடம்பு தேறவில்லை என்று ஆங்கிலத்தில் தானே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

வண்டி நகர்ந்ததும் நித்யாவுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அண்ணி, ஆம்புலன்ஸா?"

"இல்ல கண்ணு. டெம்போ. என்ற பக்கத்துலதான் உக்காந்திருக்கறான்."

அவரிடம் கொடுங்கள் என்றாள். கொடுத்தேன். அவள் என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்துக்கொண்டு அவன் இரண்டு மூன்று தடவை ம் கொட்டினான்.

"இல்ல நித்யா, அக்கா எறக்கல," என்றான். "நானாத்தான் எறங்குனேன்."

அதற்குப் பிறகு அவள் அழுவது எனக்கே கேட்டது. போனைக் காதிலிருந்து எடுக்காமல், அவள் அழுது முடிக்கிறவரை அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.